யாருக்கு என்ன பயிற்சி தேவை? பிழைக் கணக்கை வைத்து முடிவுசெய்வது பற்றிய கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இயங்கும் சிறிய மென்பொருள் குழுக்களுக்காகவும், அவற்றுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்து அனுப்பும் கல்லூரிப் பயிற்சிப் பிரிவுகளுக்காகவும் இதை எழுதுகிறேன். ஐந்து பேர், எட்டு பேர், மிஞ்சினால் இருபது பேர் வேலை செய்யும் இடங்கள். தரத்தைக் கவனிக்கத் தனித் துறை கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை பயிற்சிக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்குவார்கள். அந்த நேரத்தில் எந்தத் தொழில்நுட்பம் பேச்சில் அடிபடுகிறதோ அதற்கே அது போய்விடும். அந்தப் பணமும் நேரமும் எங்கே போக வேண்டும் என்பதை, குழு தானே செய்த பிழைகளின் பதிவு சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பிழை விகிதம் என்று எதைச் சொல்கிறோம்?

வழக்கமான கணக்கு, ஆயிரம் வரி நிரலுக்கு எத்தனை பிழை என்பது. 3,000 வரி எழுதியதில் 12 பிழை என்றால் ஆயிரத்துக்கு 4. பழைய நிரலில் திருத்தம் செய்திருந்தால் புதிதாகச் சேர்த்த, மாற்றிய வரிகளை மட்டும் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருடப் பழைய நிரல் எல்லாம் வகுக்கும் எண்ணில் ஏறி உட்கார்ந்து, விகிதத்தைச் செயற்கையாகக் குறைத்துக் காட்டும்.

இந்த அளவில் ஒரு பொறி இருக்கிறது. அதே 3,000 வரி வேலையை இன்னொருவர் சுருக்கமாக 1,500 வரியில் முடித்து, அதில் 9 பிழை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிழை குறைந்திருக்கிறது, நிரலும் படிக்க எளிதாகியிருக்கிறது. ஆனால் விகிதம் ஆயிரத்துக்கு 6 ஆகிவிட்டது. வளவளவென்று எழுதுகிறவர் நல்லவராகத் தெரிவார், நறுக்கென்று எழுதுகிறவர் மோசமானவராகத் தெரிவார். அதனால் இந்த எண்ணை ஒரே குழுவின், ஒரே மாதிரியான வேலையை மாதத்துக்கு மாதம் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒரு நல்ல குழுவுக்கு எவ்வளவு இருக்கலாம்? ஒரு எண் சொல்லுங்களேன்.

எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே எண் கிடையாது. எதைப் பிழை என்று எண்ணுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில் வாட்ஸ் ஹம்ஃப்ரி 1990-களில் ஒரு தனிநபர் பயிற்சி முறையை வகுத்தார். அதில் ஒவ்வொரு புரோகிராமரும் கம்பைல் செய்யும்போது, அதாவது எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும்போது, வரும் சின்னத் தவறு உட்பட, தான் செய்த ஒவ்வொரு பிழையையும் நேரத்தோடு குறித்து வைக்க வேண்டும். அப்படி ஒன்று விடாமல் எண்ணியபோது, அனுபவசாலிகளே ஆயிரம் வரிக்கு நூறு பிழை அளவுக்குச் செய்கிறார்கள் என்று தெரிந்தது. வாடிக்கையாளர் கண்ணில் படுவதை மட்டும் எண்ணினால் அதே ஆட்களுக்கு ஒற்றை இலக்கம்தான் வரும். திருவனந்தபுரத்து மென்பொருள் பூங்காவான டெக்னோபார்க்கில் இருக்கும் நண்பர் தன் நிறுவனத்து எண்ணைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அதோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம்.

யாருக்கு அதிகப் பிழையோ அவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் முடிந்ததே?

எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். கூடாது என்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, தற்செயல். ஒரு மாதத்தில் ஒருவருக்கு 9 பிழை, இன்னொருவருக்கு 14. பார்த்தவுடன் பெரிய வித்தியாசமாகத் தெரியும். ஆனால் இப்படிப்பட்ட எண்ணிக்கைகள், திறமை கொஞ்சமும் மாறாமலே, ஏறத்தாழ தங்கள் வர்க்கமூலம் அளவுக்கு மேலும் கீழும் ஆடும். 9 என்பது 6 முதல் 12 வரை எங்கும் விழுந்திருக்கலாம். 14 என்பது 10 முதல் 18 வரை. இரண்டு எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அடுத்த மாதம் இருவரும் இடம் மாறி நிற்பது சாதாரணம். சிறிய குழுவில் தனி ஆளின் மாதக் கணக்கு பெரும்பாலும் இந்த ஆட்டம்தான்.

இரண்டாவது, வேலை ஒன்றுபோல் பங்கிடப்படுவதில்லை. சிக்கலான வரி (டாக்ஸ்) கணக்கு, பழைய தரவை மாற்றி ஏற்றுவது எல்லாம் கைதேர்ந்தவரிடம் போகும். பிழையும் அங்கேதான் விளையும். புதிதாகச் சேர்ந்தவரின் நிரலை வரிக்கு வரி பார்ப்பார்கள், அதனால் அவருடைய பிழைகள் அதிகம் கண்டுபிடிக்கப்படும். சீனியர் எழுதியதை, ‘அண்ணன் எழுதினது, சரியாத்தான் இருக்கும்’ என்று மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். தேடிய இடத்தில் கிடைத்ததை வைத்து, தேடாத இடத்தில் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

மூன்றாவது, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் ‘கிட்’ என்ற கருவி காட்டும் பெயர். எந்த வரியை யார் கடைசியாகத் தொட்டார் என்றுதான் அது சொல்லும். வரியின் இடைவெளியை மட்டும் சீர்செய்தவர் பெயரில் நாலு வருடத்துக்கு முந்தைய பிழை வந்து நிற்கும்.

அப்படியானால் எதை எண்ணுவது?

ஆளை எண்ணாதீர்கள், பிழையின் வகையை எண்ணுங்கள். ஐ.பி.எம்.-இல் ராம் சில்லரெகேவும் சகாக்களும் 1992-இல் வெளியிட்ட பிழை வகைப்பாட்டு முறை இந்த வழியில் ஒரு பெரிய படி. ஹம்ஃப்ரியின் முறையிலும் பத்து வகைகள் உண்டு. நம் அளவுக்கு ஏழெட்டு வகை போதும்: மதிப்பைத் தவறாக வைப்பது, தரவு வகை, எல்லைச் சோதனை விடுபடுவது, ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு பேசும் இடம், கணக்கு முறை, ஒரே தரவை ஒரே நேரத்தில் இரண்டு பேர் தொடுவதால் வருவது, நிறுவும் அமைப்பு, பிறகு வாடிக்கையாளரின் தொழிலைப் புரிந்துகொள்ளாதது. பதினைந்து வகை வைத்தால் யாரும் சரியாகக் குறிக்க மாட்டார்கள். ‘மற்றவை’ என்று ஒன்று வைத்தால் பாதி அதில் போய் விழும். அதனால் அது வேண்டவே வேண்டாம்.

ஒரு காலாண்டின் பிழைகளை இப்படிக் கொட்டிப் பிரித்தால், இரண்டு மூன்று வகைகள்தான் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பயிற்சிக்கான தலைப்பு அங்கே இருக்கிறது.

வகை தெரிந்தால் பயிற்சியைத் தொடங்கிவிடலாமா?

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: தெரியாமல் வந்த பிழையா, தெரிந்தும் வந்த பிழையா? எனக்கு இந்தப் பக்கத்திலேயே முக்கியமானது இதுதான். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்கும் கடைகளுக்கு ஒரு குழு பில் போடும் மென்பொருள் செய்து கொடுத்தது. பாலை எடைபோட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்த்து, அதற்குத்தான் பணம். அந்தச் சதவீதத்தை எல்லாரும் டி.ஆர்.சி. என்பார்கள். கடைக்காரர் போன் செய்தார்: “சாரே, அளந்து பாத்தா முப்பத்திநாலரை வருது, உங்க பில்லுல முப்பத்திநாலுதான் விழுது. பால் கொண்டு வாறவங்க எங்கிட்ட சண்டைக்கு நிக்காங்க.” 120 கிலோ பாலுக்கு 34.5 சதவீதம் என்றால் 41.4 கிலோ ரப்பர். 34 என்று எடுத்தால் 40.8. ஒரு பில்லில் 600 கிராம் காணாமல் போகிறது. அன்றாடம் வெட்டிப் பால் சேர்த்துக் கொண்டுவருகிறவருக்கு அது சின்ன விஷயமே இல்லை. திறந்து பார்த்தால், தரவுத்தளத்தில் அந்தச் சதவீதத்துக்கான இடம் முழு எண்ணாக அறிவிக்கப்பட்டிருந்தது. நிரல் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை வெட்டிவிட்டுத்தான் அங்கே சேமித்தது.

அதே குழுவின் பதிவில் கிட்டத்தட்ட இதே பிழை இன்னொரு திரையிலும் இருந்தது. இரண்டையும் எழுதியவர்களிடம் உட்கார்ந்து கேட்டபோது காரணம் வேறு வேறு. ரப்பர் பில்லை எழுதியவர் கல்லூரி முடித்து வந்த புதியவர். முழு எண்ணாக மாற்றும்போது பின்னம் எச்சரிக்கையே இல்லாமல் போய்விடலாம் என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியாது. இன்னொருவருக்கு அது நன்றாகத் தெரியும். அவசரத்தில் பழைய அட்டவணையை நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றியிருந்தார். முதலாமவருக்கு ஒரு மணி நேர வகுப்பு போதும், வாழ்நாளுக்கும் மறக்காது. இரண்டாமவரை அதே வகுப்பில் உட்காரவைத்தால் அவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும், பிழை மறுபடியும் வரும். அவருக்குத் தேவை, அட்டவணை அமைப்பை மாற்றினால் இன்னொருவர் பார்த்த பிறகே சேர்க்க முடியும் என்ற ஒரு கட்டுப்பாடு.

ஆக, ஒவ்வொரு பிழைக்கும் காரணத்தை நாலில் ஒன்றாகக் குறியுங்கள்: தெரியாது; தெரியும், தவறிவிட்டது; சொல்லப்பட்டது தெளிவாக இல்லை; நேரம் இல்லை. முதல் வகைக்கு மட்டும்தான் பயிற்சி மருந்து. இரண்டாவதற்குச் சரிபார்ப்புப் பட்டியலும் தானியங்கிச் சோதனையும். மூன்றாவதற்கு வாடிக்கையாளரிடம் போய் உட்கார்ந்து பேச வேண்டும். நான்காவதற்கு மேலாளர்தான் பதில் சொல்ல வேண்டும், அதைப் பயிற்சி என்ற பெயரில் பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது.

‘வாடிக்கையாளரின் தொழிலைப் புரிந்துகொள்ளாதது’ என்பதையும் ஒரு வகையாக எதற்கு எண்ண வேண்டும்?

ஏனென்றால் நம் மாவட்டத்தில் அது நிறைய வரும், அதுவும் சோதனையில் பிடிபடாமல் தப்பும். மீன்பிடித் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. தமிழ்நாட்டின் மற்றக் கடலோர மாவட்டங்களுக்கு முதலில் சொன்ன கிழக்குக் கரைத் தேதிகள் போதும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டும் உண்டு. ஜூன் 20 அன்று கிழக்குக் கரையில் உள்ள சின்னமுட்டத்துப் படகு கடலுக்குப் போகலாம், மேற்குக் கரையில் உள்ள குளச்சல் படகு போகக் கூடாது. படகு உரிமையாளர்களுக்கான செயலியில் ‘மாவட்டம்’ என்ற ஒரே புலத்தை வைத்துத் தடைக்காலத்தைத் தீர்மானித்தால் நிரல் பிழையில்லாமல் ஓடும், சொல்லும் பதில் தவறாக இருக்கும். எழுதியவருக்கு எத்தனை நிரல் மொழி வகுப்பு எடுத்தாலும் இது தீராது. துறைமுகத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பேசினால் தீரும். அதுவும் பயிற்சிதான், அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

தமிழ் எழுத்தும் அப்படித்தான். ‘நாகர்கோவில்’ என்ற பெயரில் உள்ள கோ, கணினியில் எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம்; இல்லையென்றால் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக இருக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. கொட்டாரம், தோவாளை, கொல்லங்கோடு எல்லாவற்றுக்கும் இதே கதை. சேமிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் என்.எஃப்.சி. இயல்பாக்கம் என்ற வசதி பெரும்பாலான நிரல் மொழிகளில் ஏற்கனவே இருக்கிறது. தெரிந்தவருக்கு ஒரு வரி வேலை. இது ‘தெரியாது’ வகையைச் சேர்ந்த சுத்தமான பிழை, வகுப்பில் அரை மணி நேரத்தில் தீர்க்கக்கூடியது.

பிழை எந்தக் கட்டத்தில் பிடிபட்டது என்பதையும் குறிக்க வேண்டுமா?

கட்டாயம். வெளியிடும் முன் 45 பிழை பிடித்தீர்கள், வெளியிட்ட முதல் மூன்று மாதத்தில் வாடிக்கையாளர் 15 சொன்னார் என்றால், மொத்தம் 60-இல் 45, அதாவது 75 சதவீதத்தை உள்ளேயே தடுத்திருக்கிறீர்கள். தப்பிய அந்த 15 எந்த வகை என்று பாருங்கள். அந்த வகைகளைத் தேடிப் பிடிக்க உங்கள் ஆட்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். பிழையில்லாமல் எழுதக் கற்பது ஒரு பயிற்சி, அடுத்தவர் நிரலில் பிழை கண்டுபிடிக்கக் கற்பது வேறொரு பயிற்சி. மைக்கேல் ஃபேகன் ஐ.பி.எம்.-இல் முறையான நிரல் ஆய்வை வகுத்து 1976-இல் எழுதினார். இன்றும் நம் கல்லூரிகளில் நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு, நிரலைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஆய்வு செய்பவரின் திறனை எப்படி மதிப்பிடுவது?

மீன்வளத்தைக் கணக்கிட உதவும் ஒரு முறையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் மீனைப் பிடித்து அடையாளம் இட்டு விட்டுவிட்டு, மறுபடி பிடிக்கும்போது அதில் அடையாளம் உள்ளவை எத்தனை என்று பார்த்து மொத்தத்தை மதிப்பிடுவார்கள்.

ஒரே நிரலை இரண்டு பேரிடம், ஒருவரோடு ஒருவர் பேசாமல் பார்க்கக் கொடுங்கள். ஒருவர் 10 பிழை கண்டார், மற்றவர் 8. இரண்டு பேரும் கண்டது 5. பத்தையும் எட்டையும் பெருக்கி ஐந்தால் வகுத்தால் 16. நிரலில் ஏறத்தாழ 16 பிழை இருக்கலாம், இருவரும் சேர்ந்து கண்டவை 13, இன்னும் மூன்று ஒளிந்திருக்கலாம். எண்ணிக்கை சிறிதாக இருப்பதால் இது தோராயம்தான். ஆனாலும் பொதுவான பிழைகளைத் தாண்டி, ஒருவர் மட்டும் கண்டவை எந்த வகை என்று பட்டியலிட்டால், யார் யாரிடம் எதைக் கற்றுக்கொள்ளலாம் என்பது தெளிவாகத் தெரியும். வெளியாள் வகுப்பைவிட இது பல நேரம் நல்ல பலன் தரும்.

இதற்கெல்லாம் என்ன கருவி வாங்க வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். ஒரு எக்செல் தாள் போதும்: தேதி, எந்தப் பகுதி, வகை, காரணம், நுழைந்த கட்டம், பிடிபட்ட கட்டம், சரிசெய்ய ஆன நேரம். வேலைகளையும் பிழைகளையும் பதிவுசெய்யும் ஜிரா மென்பொருள் வைத்திருந்தால் அதிலேயே இரண்டு புலம் சேருங்கள். ஒரு பிழையைக் குறிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் யாரும் தொடர்ந்து செய்ய மாட்டார்கள்.

இந்த எண்களை இன்கிரிமென்ட், அப்ரைசலுக்குப் பயன்படுத்தலாமா?

கூடாது. ஒரு அளவை இலக்காக மாற்றிய உடனே அது நல்ல அளவாக இருப்பதை நிறுத்திவிடும். பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கை பற்றிச் சொன்ன கருத்து, மென்பொருளுக்கும் அப்படியே பொருந்துகிறது. சம்பளத்தோடு முடிச்சுப் போட்ட மறுமாதமே பிழைகள் பதிவில் குறையும், நிரலில் குறையாது. வாட்ஸ்அப்பில் காதோடு காதாகச் சொல்லிச் சரிசெய்துகொள்வார்கள். ‘இது பிழை இல்லை, புது வசதி கேட்கிறார்கள்’ என்ற வாதங்கள் கிளம்பும். நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள இதைத் தொடங்கினீர்களோ, அது உங்கள் கண்ணில் படாமல் போய்விடும். எனவே தாளில் ‘யார்’ என்ற பத்தியே வேண்டாம். காரணத்தைக் கேட்கும்போது பெயர் தெரிந்துதான் ஆகும். எழுதி வைக்க வேண்டியதில்லை.

பெயர் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்களே?

நம் ஊரில் மூத்தவர் முன்னால் தன் தவறைச் சொல்லவும் கூச்சம், மூத்தவரின் தவறைச் சுட்டிக்காட்டவும் கூச்சம். அதனால் மூத்தவர் முதலில் பேச வேண்டும். வாராந்திரக் கூட்டத்தில் டீம் லீட் தன் நிரலிலிருந்து ஒரு பிழையைத் திரையில் போட்டு, எப்படி நுழைந்தது, ஏன் கண்ணில் படவில்லை என்று விளக்கட்டும். இரண்டாவதாக இன்னொரு சீனியர். இளையவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். சில வாரங்களில் அவர்களே, “அண்ணே, எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வந்துது” என்று ஆரம்பிப்பார்கள். அந்த நேரத்தில் யாராவது சிரித்தால் அதைக் கண்டிக்கும் பொறுப்பு லீடுக்கு உண்டு.

பயிற்சி பலன் தந்ததா என்று எப்படித் தெரியும்?

அடுத்த மாதம் குறைந்துவிட்டது என்று உடனே சந்தோஷப்படாதீர்கள். ரொம்ப மோசமான மாதத்தைப் பார்த்துத்தான் பயிற்சி வைத்திருப்பீர்கள். அப்படிப்பட்ட மாதத்துக்கு அடுத்தது, ஒன்றும் செய்யாவிட்டாலும், வழக்கமான அளவுக்குத் திரும்பவே வாய்ப்பு அதிகம். இதற்கு ஒரு எளிய வழி, பயிற்சி கொடுத்த வகையையும் கொடுக்காத வகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. எல்லைச் சோதனை பற்றி வகுப்பு எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வகை மட்டும் குறைந்து மற்றவை அப்படியே இருந்தால் வகுப்பு வேலை செய்திருக்கிறது. எல்லாமே சேர்ந்து குறைந்தால், வேலை குறைந்திருக்கலாம், இல்லை பதிவு செய்வதை விட்டிருக்கலாம். குறைந்தது இரண்டு காலாண்டு பாருங்கள்.

இரண்டு வருடத்தில் பிள்ளைகள் டெக்னோபார்க்குக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள். நாம் ஏன் செலவழிக்க வேண்டும்?

ஆள் போவார், பதிவு இருக்கும். உங்கள் வாடிக்கையாளர்கள், உங்கள் பழைய நிரல், உங்கள் தரவு ஆகியவற்றில் எந்த வகைப் பிழை அடிக்கடி வருகிறது என்று இரண்டு வருடப் பதிவு காட்டுமானால், புதிதாக வருகிறவருக்கு முதல் வாரத்தில் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது கையில் தயாராக இருக்கும். அடிக்கடி ஆள் மாறும் குழுவுக்குத்தான் இது அதிகம் தேவை. தவிர, இங்கே ஒழுங்காகக் கற்றுக்கொண்டு போன பிள்ளை எங்கே போனாலும் நன்றாக இருக்கட்டுமே.

கல்லூரியில் இதை எப்படித் தொடங்கலாம்?

இறுதியாண்டு புராஜெக்டில் நிரலோடு பிழைப் பதிவையும் சேர்த்து வாங்குங்கள். பிழை குறைவாக இருப்பதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறைப்பார்கள். காரணத்தை எவ்வளவு நேர்மையாகவும் ஆழமாகவும் எழுதியிருக்கிறார்கள் என்பதற்குக் கொடுங்கள். ஒரு வகுப்பின் பதிவுகளை ஒன்றாகச் சேர்த்தால், பாடத்திட்டத்தில் எந்தப் பாடம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பது ஆசிரியர்களுக்கும் தெரிந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த நிரலில் வரும் பிழையை யார் கணக்கில் சேர்ப்பது?

குழுவின் கணக்கில்தான். நிரலை ஏற்றுச் சேர்த்தது குழு. ‘நுழைந்த கட்டம்’ என்ற இடத்தில் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். அந்தப் பிழைகள் சேரச் சேர, உங்கள் ஆட்களுக்கு எழுதும் பயிற்சியைவிட வாசித்துச் சரிபார்க்கும் பயிற்சி எவ்வளவு கூடுதலாக வேண்டும் என்பதை அந்த ஒரு பத்தியை வைத்தே முடிவுசெய்யலாம். காரணம் கேட்கும்போது மட்டும் கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள்: இந்த வரி என்ன செய்கிறது என்று சேர்க்கும்போது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் அது ‘தெரியாது’ வகைதான். அதற்கு வகுப்பு வையுங்கள்.